யோகா, ஆயுர்வேதம், அன்றாட வாழ்க்கை: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் 17 வருடமாக யோகா சொல்லித் தருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறேன். தறி ஓட்டுகிறவர்கள், கொலுசுப் பட்டறையில் இருப்பவர்கள், பாங்க் வேலையில் ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் அதேதான். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் போதவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு வந்தால் நேரே பாயை விரித்துவிடலாம்.

இது உடற்பயிற்சி வகுப்பா, ஆன்மிக வகுப்பா?

ஆன்மிக வகுப்பு. சேரும்போதே இதைச் சொல்லிவிடுவேன், பின்னால் யாரும் வருத்தப்படக் கூடாது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் மொத்தம் 196 (சில பதிப்புகளில் 195). அதில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவது மூன்றே மூன்று சூத்திரம். நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறார், அதற்கு மேல் இரண்டு வரி, அவ்வளவுதான். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் யமமும் நியமமும் இருக்கின்றன: பிறரைத் துன்புறுத்தாமை, பொய் சொல்லாமை, திருடாமை, தூய்மை, போதும் என்ற மனம் இப்படி. நான் ஆன்மிகம் என்று சொல்வது இதைத்தான். கண்ணை மூடினால் ஒளி தெரிகிறதா, குண்டலினி (முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாகச் சொல்லப்படும் சக்தி) ஏறிவிட்டதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், அம்மாவிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதைத்தான்.

எடை குறைய வேண்டும், முதுகு வலி போக வேண்டும் என்று வருகிறவர்களும் தாராளமாக வரலாம். பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். முதுகு கொஞ்சம் லேசானதும், "இவ்வளவு நாள் ஏன் இதை இப்படிச் சுமந்துகிட்டு இருந்தேன்?" என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை நான் காத்திருப்பேன்.

யோகா போதாதா, ஆயுர்வேதம் எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் பதில் நீளம்.

ஆரோக்கியமானவன் யார் என்று பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் ஓர் இலக்கணம் இருக்கிறது. தோஷங்கள் (வாதம், பித்தம், கபம்) சமமாக இருக்க வேண்டும், ஜீரணத் தீ சமமாக இருக்க வேண்டும், தாதுக்களும் (ரத்தம், தசை, எலும்பு போன்றவை) கழிவுகளும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தாமல், ஆன்மாவும் புலன்களும் மனமும் தெளிந்து மகிழ்ந்திருக்க வேண்டும் என்று முடிக்கிறது. பரிசோதனை முடிவில் எல்லா எண்ணும் சரியாக இருந்தும் மனம் கலங்கிக் கிடந்தால் அந்த இலக்கணப்படி நாம் இன்னும் முழு ஆரோக்கியம் அடையவில்லை. வைத்திய நூல் ஒன்று இப்படிச் சொல்வதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆயுர்வேதத்தின் இன்னொரு பெரிய ஆசிரியரான சரகர் இன்னும் நெருக்கமாக வருகிறார். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் ஏழாம் அத்தியாயத்தில், அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பில் தானாக எழும் உந்துதல்கள், என்று 13 சொல்கிறார். சிறுநீர், மலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம், ஓடி வந்தபின் வாங்கும் மூச்சு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றை அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அதே அத்தியாயத்தில், தொட்டாற்போல, அடக்க வேண்டிய வேகங்கள் என்று இன்னொரு பட்டியல். பேராசை, பயம், கோபம், கர்வம், பொறாமை, கடுஞ்சொல், புறங்கூறல், பொய், பிறரை அடித்தல், திருட்டு.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் நாம் வாழும் வாழ்க்கை இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. சிறுநீரை அடக்குகிறோம், பசியை டீ குடித்து அடக்குகிறோம், தூக்கத்தை போனைப் பார்த்து அடக்குகிறோம், அழுகையை நாலு பேர் பார்ப்பார்கள் என்று அடக்குகிறோம். கோபத்தை மட்டும் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து விடுகிறோம்.

துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை செய்யும் பெண் என்னிடம் வந்தார். காலை 9 மணியிலிருந்து இரவு 9 வரை நின்றபடி வேலை. அடிக்கடி பாத்ரூம் போனால் மேலாளர் முகம் சுளிப்பார் என்று தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்பு, காலில் நரம்பு சுருட்டு, வீட்டில் குழந்தைகள் மேல் எரிச்சல். அவருக்கு நான் முதல் மாதம் ஆசனமே பெரிதாகச் சொல்லித்தரவில்லை. கடுப்புக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள், வேகம் வந்தால் உடனே போங்கள், அதுதான் உங்கள் சாதனை (ஆன்மிகப் பயிற்சி) என்றேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது, அதையும் சொன்னேன். அவரும் கூட வேலை செய்யும் பெண்களும் சேர்ந்து கேட்டு ஸ்டூல் வாங்கிவிட்டார்கள். இதில் யோகா எங்கே இருக்கிறது என்று கேட்டால், தன் உடம்பைத் துன்புறுத்தாமல் இருப்பதும் அகிம்சைதான், அதைக் கேட்டு வாங்கும் தைரியமும் சாதனைதான் என்று சொல்வேன். ராத்திரி வேலை முடிந்து வந்து விபரீதகரணி மாதிரி காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுப்பதெல்லாம் அப்புறம் வந்தது.

சரி, ஆயுர்வேதம் எதற்கு என்றால் இதற்குத்தான். யோகா மனதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்த மனம் குடியிருக்கும் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆயுர்வேதம் சொல்கிறது.

நீங்கள் வைத்தியரா? மருந்து தருவீர்களா?

இல்லை. தரமாட்டேன்.

ஆயுர்வேதமோ சித்தமோ பட்டப்படிப்பு என்றால் உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். நான் அதைப் படிக்கவில்லை. நான் சொல்லித்தருவது தினசரி ஒழுக்கம், பருவத்துக்கேற்ற உணவு, எண்ணெய்க் குளியல், தூக்கம் இவ்வளவுதான். நாடி பிடித்து, சூரணம் கொடுத்து, லேகியம் விற்கும் வேலையை யோகா ஆசிரியர் செய்யக் கூடாது என்பது என் உறுதியான முடிவு. பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துகள் தெரியாத கையிலிருந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. மூலிகைதானே, பக்க விளைவு இல்லை என்று அசுவகந்தாவை இஷ்டத்துக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, தைராய்டு மாத்திரையோடும் அது மோதும்.

இதில் நான் பட்டிருக்கிறேன். எனக்கு 31 வயதில் தைராய்டு குறைவு. அப்போது நான் கற்றுக்கொண்ட இடத்தில் ஆசிரியர், "சர்வாங்காசனம் செய்கிறவளுக்கு மாத்திரை எதற்கு?" என்று சொன்னார். பக்தியோடு நிறுத்தினேன். ஐந்து மாதத்தில் முகம் வீங்கி, முடி கொட்டி, படி ஏற முடியாமல் போனது. எல்லாவற்றையும்விட, நம் பயிற்சியில் நம்பிக்கை குறைவு என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுதது இன்னும் மறக்கவில்லை. மறுபடி மாத்திரை எடுத்தேன், சரியானது, இன்றும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறேன். அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு எதற்கான மாத்திரையையும் என் பேச்சைக் கேட்டு யாரும் நிறுத்தக் கூடாது. அளவு குறைந்தால் அதை உங்கள் டாக்டர் பார்த்துக் குறைக்கட்டும்.

நம்ம சித்த வைத்தியம் இருக்கும்போது ஆயுர்வேதம் எதற்கு?

நியாயமான கேள்வி. அதுவும் சேலத்துக்காரர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

வாதம், பித்தம், கபம் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. வள்ளுவரே மருந்து அதிகாரத்தில் "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று இந்த மூன்றையும் சொல்கிறார். ஆயுர்வேதத்தின் பெரிய நூல்கள் சமஸ்கிருதத்தில், சித்தர் பாடல்கள் தமிழில். உலோகம், உப்பு, பாஷாணம் இவற்றைச் சித்த மருத்துவம் அதிகமாகக் கையாள்கிறது, காயகற்பம் என்று உடம்பை நிலைக்க வைக்கும் தேடல் அதில் மையமாக இருக்கிறது. ஆனால் காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று நம் பாட்டிகள் சொன்னதில் எது சித்தம், எது ஆயுர்வேதம் என்று கோடு போட என்னால் முடியாது.

யோகத்தை எடுத்தாலும் அப்படித்தான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களையும் தமிழில் பாடி வைத்திருக்கிறார். உடம்பை இழுக்கு என்று முன்னால் நினைத்திருந்தேன், அதற்குள்ளே உறுபொருள் கண்டேன், அதனால் ஓம்புகிறேன் என்கிறார். என் வகுப்பில் பதஞ்சலியைவிடத் திருமூலரை அதிகம் சொல்வேன், காரணம் கேட்கிறவர்களுக்கு நேரே போய்ச் சேர்கிறது.

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக: திருமூலர் வயதான சீடர் ஒருவரோடு கஞ்சமலைக்கு வந்தார், சோறு கிளறக் கரண்டி இல்லாமல் சீடர் ஒரு கறுப்புக் குச்சியை ஒடித்துக் கிளறினார், சோறு கறுத்துப்போனது, பயந்து அதைத் தானே சாப்பிட்டார், கிழவர் இளைஞரானார், அவர்தான் காலாங்கிச் சித்தர் என்று நம் பக்கம் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் இளமை திரும்பியது இல்லை. கறுத்த சோற்றைக் குருவுக்குப் போடாமல், தூக்கியும் எறியாமல், தான் சாப்பிட்டாரே, அந்த இடம்.

பிரம்ம முகூர்த்தத்தில்தான் எழ வேண்டுமா? நான் நைட் ஷிப்ட்.

ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு முன்னால் இரண்டாவது முகூர்த்தம்தான் பிரம்ம முகூர்த்தம். 6 மணிக்குச் சூரியன் உதித்தால் 4.24 முதல் 5.12 வரை. முடிந்தவர்கள் எழுங்கள், அந்த நேரத்தில் சேலமே சத்தமில்லாமல் இருக்கும்.

விசைத்தறியில் விடிய விடிய நிற்பவர்களை 4.24-க்கு எழச் சொல்வது பாவம். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலே இதற்கு வழி சொல்கிறது: பழக்கமில்லாமல் இரவில் கண் விழித்தால், விழித்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை, சாப்பிடுவதற்கு முன் தூங்கு என்கிறது. அதாவது எட்டு மணி நேரம் விழித்தால் நாலு மணி நேரம். எத்தனை நூற்றாண்டுக்கு முன்பு எழுதிய நூல், ராத்திரி விழிக்கிறவனை மறக்கவில்லை. நிரந்தர இரவு வேலைக்காரர்களுக்கு நான் சொல்வது, தூங்கி எழுந்த முதல் அரை மணி நேரத்தை உங்கள் பிரம்ம முகூர்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள், அது பகல் ஒரு மணியாக இருந்தாலும் சரி. தறிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம், சவாசனத்தில் படுத்தாலும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அதை விரட்டாதீர்கள். அந்தத் தாளத்தின் மேலேயே மூச்சை வையுங்கள். நாள் ஆக ஆக அது தூரமாகப் போகும்.

கறி சாப்பிடலாமா?

நான் சாப்பிடுவதில்லை. உங்களை நிறுத்தச் சொல்வதில்லை.

சரக சம்ஹிதையில் எந்த இறைச்சிக்கு என்ன குணம் என்று விரிவாகவே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஆயுர்வேதம் என்றாலே சைவம் என்று சொல்வது பொய். யோகத்தில் முதல் யமமே அகிம்சை, வள்ளுவர் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்தார். வைத்திய நூல் உடம்பைப் பார்த்துப் பேசுகிறது, யோக நூல் மனதைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டையும் கேட்டுவிட்டு நீங்கள் முடிவெடுங்கள். சைவமோ அசைவமோ, அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். எங்கள் வகுப்பில் நாக்கு வெள்ளை படிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கறி தின்றதால் இல்லை, ராத்திரி பத்தரை மணிக்குத் தட்டுவடை செட் சாப்பிட்டுப் படுத்ததால்.

காபி?

குடியுங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குக் கீழே வாழ்ந்துகொண்டு அதை நான் எப்படி வேண்டாம் என்பேன்? வெறும் வயிற்றில் வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டாம், பசிக்குப் பதிலாக வேண்டாம்.

யூடியூபில் பார்த்து 16-64-32 பிராணாயாமம் செய்கிறேன், தலை சுற்றுகிறது. ஏன்?

உடனே நிறுத்துங்கள். 16 மாத்திரை நேரம் மூச்சை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது திருமந்திரத்திலேயே இருக்கிற கணக்கு. அதே திருமூலர்தான் காற்றைப் பிடிக்கும் கணக்கு அறிவார் இல்லை என்றும் பாடினார். அந்தக் கணக்கு போய்ச் சேர வேண்டிய இடம். நீங்கள் முதல் நாளே அங்கிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள்.

முதல் மூன்று மாதம் நான் மூச்சை நிறுத்தவே விடுவதில்லை. நாலு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. வெளிமூச்சு நீளமானால் உடம்பு தானாக அடங்கும். கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்ற வைக்கிறவர்களுக்கு மூச்சு பாதி நெஞ்சோடு நின்றுவிடுகிறது, அவர்களுக்கு முதலில் புஜங்காசனம், தோளைத் திறப்பது, அப்புறம்தான் நாடிசுத்தி (மூக்குத் துளையை மாற்றி மாற்றி மூச்சு விடுவது). ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது) செய்ய வேண்டாம். கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போக வேண்டாம். மூச்சுப் பயிற்சி செய்யும்போது பயமோ படபடப்போ வந்தால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்து, என்னைக் கூப்பிடுங்கள்.

சித்திரை வெயிலில் ஏன் பயிற்சியைக் குறைக்கிறீர்கள்? கட்டணம் அதேதானே?

கட்டணம் அதேதான், மன்னிக்கவும். பயிற்சி குறைவது உங்கள் நல்லதுக்கு.

கோடையில் காரம், புளிப்பு, உப்பு, உடற்பயிற்சி, வெயில் இவற்றை விலக்கச் சொல்கிறது அஷ்டாங்க ஹிருதயம். சேலத்தில் 38, 40 டிகிரி அடிக்கும்போது 12 சூரிய நமஸ்காரம் போட்டுவிட்டுப் போய்ப் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் உடம்பு என்ன ஆகும்? நாலு போதும். சீதளி (நாக்கைச் சுருட்டி மூச்சை இழுத்துக் குளிர வைப்பது), நீண்ட சவாசனம், வீட்டுக்குப் போய் கம்பங்கூழும் மோரும். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், "சனி நீராடு" என்று ஔவையார் சொன்னதைப் பாதிப் பேர் தீபாவளிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதே நாளில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் பருவமே வேறு. கீழே இளநீர் கேட்ட உடம்பு மேலே சுக்குத் தண்ணீர் கேட்கும். பருவத்துக்கேற்ற ஒழுக்கம் என்றால் என்ன என்பதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, அந்த ஒரு மணி நேர பஸ் பயணம் நன்றாகக் காட்டிவிடுகிறது. நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தோலைக் கேளுங்கள்.

ஏற்காட்டில் இரண்டு நாள் யோகா முகாம் போனால் மாற்றம் வருமா?

அந்த இரண்டு நாளும் வரும். சத்தியமாக வரும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விடிவதற்கு முன் எழுந்து, பேசாமல் நடந்து, 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய், சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற அந்த இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வராதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெளியே வந்தால் புல்வெளி, காற்று. தியானம் என்று நான் ஒரு வருடம் விளக்கியதை அந்த இடம் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடும்.

பிரச்சினை திங்கட்கிழமை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து போகிறவர்கள், மலையில் கிடைத்த அமைதி ஊர் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது என்று வருத்தப்படுகிறார்கள். அமைதி எங்கேயும் போகவில்லை, அதைத் தாங்குகிற பழக்கம் இன்னும் உண்டாகவில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார். இரண்டு நாள் முகாமில் மதிப்பு இருக்கும், மற்ற இரண்டுக்கும் இடமில்லை. அதனால் நான் மலைக்குக் கூட்டிப்போகும்போது ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன்: இங்கே செய்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 40 நாள், ஒரு நாளும் விடாமல் வீட்டில் செய்யுங்கள். காலையில் பத்து நிமிடம் பேசாமல் இருப்பது என்றாலும் போதும்.

இன்னொன்று, வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், மூட்டு வலி போய்விடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். குளிருக்கு மிளகு தூக்கலாக நன்றாக இருக்கும், குடியுங்கள். முட்டி தேய்ந்திருந்தால் சூப்பை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கிலோ கணக்கில் வாங்கி வந்து பிரிட்ஜில் அழுக விடவும் வேண்டாம், அது காட்டில் பாறையிலும் மரத்திலும் வளர்வது, நாம் வாங்க வாங்க மலையைச் சுரண்டுகிறார்கள்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம் / கிறிஸ்தவக் குடும்பம். ஓம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். நான் சொல்வேன், நீங்கள் அந்த நேரம் அமைதியாக இருக்கலாம், உங்கள் பிரார்த்தனையை மனதுக்குள் சொல்லலாம். எங்கள் வகுப்பில் ஒரு அக்கா பஜ்ர் (விடியற்காலை) தொழுகையை முடித்துவிட்டு நேராக வருவார், எல்லாரையும்விட நிதானமாக வஜ்ராசனத்தில் உட்கார்வார். உங்கள் இறைவனிடமிருந்து உங்களை விலக்கும் எதையும் நான் சொல்லித்தரமாட்டேன்.

மாதவிலக்கு நாட்களில் வரலாமா?

வரலாம். தீட்டு என்ற பேச்சு என் மாடியில் இல்லை. தலைகீழ் ஆசனமும் வேகமான மூச்சும் அன்று வேண்டாம், சுப்த பத்தகோணாசனத்தில் (மல்லாந்து, பாதங்களைச் சேர்த்து, முட்டிகளை விரித்து) தலையணை வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். வலி தாங்கமுடியாத அளவு இருந்தால் "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு வருடமாக வருகிறேன், இன்னும் வீட்டில் கத்துகிறேன். எனக்கு யோகா வரவில்லையா?

இதைக் கேட்டவர் அழுதுகொண்டே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முன்பு கத்திவிட்டு, தப்பு அவர்கள் மேல்தான் என்று தூங்கிப்போவீர்கள். இப்போது கத்தும்போதே தெரிகிறது. அந்தத் தெரிதல்தான் இரண்டு வருடத்தின் பலன், வலிக்கிறது என்றால் அது வேலை செய்கிறது. சரகர் ரசாயனம் என்று ஆயுளை வளர்க்கும் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, ஆசார ரசாயனம் என்று ஒன்றைச் சொல்கிறார்: உண்மை பேசுகிறவன், கோபத்தை விட்டவன், மதுவைத் தொடாதவன், இனிமையாகப் பேசுகிறவன், இரக்கமுள்ளவன், தூக்கமும் விழிப்பும் அளவாக உள்ளவன், இவனுக்கு ரசாயனத்தின் பலன் கிடைக்கும் என்று. நடத்தையை மருந்து வரிசையில் வைத்திருக்கிறார். மருந்து என்றால் வேளை தவறாமல் எடுக்க வேண்டும், ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: ராத்திரி படுக்கும் முன் ஒரு நோட்டில் இரண்டு வரி. இன்று எங்கே கத்தினேன், அதற்கு முன்னால் என்ன நடந்தது. ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் தெரியும். அவருக்குத் தெரிந்தது, பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிய நாட்களில்தான் கத்தியிருக்கிறார். பசியை அடக்கினார், கோபத்தை விட்டார். இப்போது 12.30-க்குச் சாப்பிடுகிறார். கத்திய நாட்களில் பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்கிறார், அது எந்த ஆசனத்தைவிடவும் கஷ்டமானது என்று அவரே சொன்னார்.

நானும் ஆசிரியராக வேண்டும். 200 மணி நேரக் கோர்ஸ் போதுமா?

கதவு திறக்க அது போதும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறவருக்கு 200 மணி நேரம் என்பது ஏழு மாதம்கூட இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியத் தேர்வு இருக்கிறது, அதையும் எழுதுங்கள், உடற்கூறு நன்றாகப் படியுங்கள்.

ஆனால் யாரைப் பார்த்து ஆசிரியராக வேண்டும் என்று கேட்டால் நான் நம் மண்ணில் இரண்டு பேரைச் சொல்வேன். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-ல் பிறந்த சிவானந்தர், மலாயாவில் டாக்டராக இருந்து, அதை விட்டு ரிஷிகேஷம் போனார், அங்கேயும் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பதை நிறுத்தவில்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தறியில் உட்கார்ந்தவர், குடும்பஸ்தர், மனவளக்கலை என்ற தன் யோக முறையை வீட்டில் இருப்பவர்களுக்காகவே அமைத்தார். இரண்டு பேரும் எளிய மனிதர்களின் உடம்பு வலி தெரிந்து கற்றுக்கொடுத்தவர்கள்.

நீங்கள் ஆசிரியரானால் மூன்று விஷயத்தில் கவனமாக இருங்கள். நோய் குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்காமல் யார் உடம்பையும் தொட்டுத் திருத்தாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று வகுப்பு முன்னால் சொல்லுங்கள். மாணவர்கள் உங்களைக் கும்பிட ஆரம்பிக்கும் நாளில் இந்த மூன்றும் மறந்துபோகும், அப்போதுதான் அதிகம் நினைவு வேண்டும்.

பணம் இல்லாதவர்கள் வரலாமா?

வரலாம். வாசலில் ஒரு டப்பா இருக்கிறது, முடிந்ததைப் போடுங்கள், முடியாத மாதம் போட வேண்டாம், நான் பார்ப்பதில்லை. மாம்பழ சீசனில் ஒருவர் ஒரு கூடை குண்டு மாம்பழம் கொண்டுவந்து வைத்தார், அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் மாடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அமாவாசை அன்று வகுப்பு உண்டா?

கிடையாது. அன்று விருப்பப்பட்டவர்கள் மட்டும் காலையில் பழைய பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து, கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குப் போகிறோம். கூட்டம் இருக்கும், நெருக்கியடிக்கும். அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் வயதானவருக்கு இடம் விட்டு, தள்ளுகிறவரைத் திட்டாமல், வரிசையில் மூச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அன்றைய பயிற்சி. குழந்தைகளைக் கூட்டி வரலாம். தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள், பஸ்ஸில் ஏறும் முன் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்.